ஆதித் திருச்சபை வரலாறும் இலங்கை பற்றிய முதற் குறிப்பும்

க.பொ.த. (சாதாரண தரம்) வரலாறு, கிறிஸ்தவம் ஆகிய பாடங்களைப் பயிலும் மாணவர்களுக்கானது



"இலங்கையில் கிறிஸ்தவம் எப்போது தோன்றியது?" என்று வகுப்பில் கேட்டால், கேள்வி முடியுமுன்னே "1505, சேர், போர்த்துக்கேயர்" என்று விடை வந்துவிடும். பின் வாங்கிலில் இருந்து ஒருவர் எழுந்து, "இல்லை சேர், தோமையார் முதலாம் நூற்றாண்டிலேயே வந்தவர்" என்பார். இவ்விரு விடைகளும் பயிற்சித் தாள்களிலும் அப்படியே எழுதப்படுகின்றன. முதலாவது விடை, இருக்கின்ற சான்றைக் கவனியாமல் விடுகின்றது. இரண்டாவது விடை, இல்லாத சான்றை இருப்பதாகக் கொள்கின்றது.

கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் நடந்து செல்லும் தூரத்தில் அமைந்துள்ள திருகோணமலை போன்ற ஊரில், "யார் முந்தி வந்தவர்?" என்ற கேள்வி வெறும் பாடக் கேள்வி அல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். தேநீர்க் கடையில் அதற்கு எந்த விடையும் சொல்லலாம். விடைத்தாளில் சொல்வதற்கு மூலாதாரம் வேண்டும். எனவே ஆதித் திருச்சபையின் வரலாற்றை எழுதியவர்கள் யார், எப்படி எழுதினார்கள், அவர்கள் காலத்து நூல்களில் எமது தீவைப் பற்றி என்ன உள்ளது என்பவற்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

யூசேபியஸ்

புதிய ஏற்பாட்டிலுள்ள அப்போஸ்தலர் பணி நூல், புனித பவுல் உரோமையில் காவலில் இருப்பதுடன் நின்றுவிடுகின்றது. அதன் பின்னர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் திருச்சபைக்கு நிகழ்ந்தவற்றைத் தொடர்ச்சியாகச் சொல்லும் நூல் எதுவும் எமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அக்குறையை நிரப்பியவர் பலஸ்தீனத்திலுள்ள செசரியா நகரின் ஆயர் யூசேபியஸ் (ஏறத்தாழ கி.பி. 260 - 339) ஆவார். செசரியாவும் ஒரு துறைமுகப் பட்டினமே. ஆனால் திருகோணமலைக்கு இயற்கை தந்த துறைமுகத்தை, அங்கே ஏரோது மன்னன் திறந்த கடலுக்குள் பாரிய கட்டிகளை இறக்கிக் கட்ட வேண்டியிருந்தது.

அந்நகரில் பம்பிலஸ் என்ற குருவின் பெரிய நூலகம் இருந்தது. யூசேபியஸ் அங்கேயே பயின்றார். கி.பி. 303 இல் டயோக்கிளீசியன் பேரரசன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கினான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, திருநூல்கள் எரிக்கப்பட்டன. 310 இல் பம்பிலஸ் கொல்லப்பட்டார். நூல்கள் எரிக்கப்படுவதைக் கண்ணாற் கண்ட ஒருவர், எஞ்சியவற்றைப் பிரதி செய்து வைப்பதில் ஏன் அவ்வளவு கவனம் காட்டினார் என்பதை இதிலிருந்து நீங்களே ஊகிக்கலாம். 313 இல் மிலான் சாசனத்தின் மூலம் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. யூசேபியஸின் 'திருச்சபை வரலாறு' 10 நூல்களாக 324, 325 அளவில் நிறைவு பெற்றது.

இவரது முறையில் ஒரு புதுமை உண்டு. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர்கள், தளபதி ஒருவன் பேசியிருக்கக்கூடியதைத் தாமே புனைந்து அவன் வாயில் வைத்து எழுதுவது வழக்கம். யூசேபியஸ் அவ்வாறன்றிக் கடிதங்களையும் அரச கட்டளைகளையும் முன்னோர் நூல்களின் பகுதிகளையும் அப்படியே எடுத்துச் சேர்த்தார். மூல நூல் அழிந்து, இவர் எடுத்தெழுதிய பகுதி மாத்திரம் எஞ்சியிருக்கும் சந்தர்ப்பங்கள் பல.

அதற்காக இவர் எழுதிய அனைத்தும் உண்மை என்று கொள்ளலாகாது. எதெஸ்ஸா நகரின் மன்னன் அப்கார் இயேசுவுக்கு எழுதிய கடிதமும், இயேசு அனுப்பிய பதிலும் அந்நகரின் ஆவணங்களில் இருந்ததாகக் கூறி, இரண்டையும் மொழிபெயர்த்துத் தருகின்றார். இவை பிற்காலத்தில் எழுதப்பட்டவை என்பதே இன்றைய ஆய்வாளரின் முடிவு. ஆவணக் காப்பகத்தில் இருப்பதனால் மட்டும் ஒரு தாள் உண்மையானதாகிவிடாது. மேலும், துன்புறுத்தலின்போது விசுவாசத்தை விட்டு விலகியவர்களைப் பற்றிச் சொல்லப் போவதில்லை, பயன் தருவதையே எழுதுவேன் என்று அவரே கூறுகின்றார். விடுபட்டவை உள்ளன என்பதை ஆசிரியரே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

யூசேபியஸுக்குப் பின் இவ்வேலையைப் பலர் தொடர்ந்தனர். ரூபினஸ் அவரது நூலை இலத்தீனில் மொழிபெயர்த்து மேலும் இரண்டு நூல்களைச் சேர்த்தார். 5ஆம் நூற்றாண்டில் சோக்கிரதீஸ், சொசோமன், தியோதொரெத் ஆகியோரும், 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் எவாகிரியசும் எழுதினர். இந்தச் சோக்கிரதீஸ் நஞ்சருந்திய தத்துவஞானி அல்லர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மகாவம்சத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்

இது எங்கேயோ நடந்த விடயமாகத் தோன்றினால், நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஏற்கெனவே கற்ற மகாவம்சத்தை நினைவுபடுத்துங்கள். யூசேபியஸுக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளின் பின் அனுராதபுரத்தில் மகாநாம தேரர் பாளி மொழியில் அதனை எழுதினார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இரு நூல்களும் பேசும் விடயங்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துள்ளன. யூசேபியஸ் ஆயர்களின் வரிசையைத் தருகின்றார். மகாநாமர் தேரர்களின் பரம்பரையைத் தருகின்றார். அங்கே தப்பறைப் போதனைகள் தோன்றிய கதை. இங்கே சங்கம் பிரிந்து பதினெட்டுப் பிரிவுகளான கதை. அங்கே கொன்ஸ்தாந்தைன், இங்கே அசோகனும் தேவநம்பிய தீசனும். மதத்துக்கு உதவிய மன்னனின் நிறைகள் இரண்டிலும் பெரிதாகவும் குறைகள் சிறிதாகவும் தெரியும். தமது மதம் உண்மையான ஆசிரியர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது என்று காட்டுவதே இருவரின் நோக்கமும். நோக்கம் இருப்பதனால் நூல் பொய்யாகிவிடாது. அந்த நோக்கத்தை அறிந்துகொண்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

'சென்றார்' என்பதும் 'சென்றாராம்' என்பதும்

இப்பாடத்தில் முக்கியமான பகுதி இது. சற்று நின்று வாசியுங்கள்.

"கடற்கரையில் இன்று சூரை மீன் நிறையப் பட்டது" என்று ஒருவர் சொன்னால் அவர் கண்டிருக்கிறார். "நிறையப் பட்டதாம்" என்றால் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். தமிழில் 'ஆம்' என்ற ஒரு சிறு ஒட்டு இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றது. கிரேக்கத்தில் அதற்கு 'என்று சொல்லப்படுகிறது' என்ற பொருளுடைய வினையைச் சேர்ப்பார்கள். யூசேபியஸ் இதனைக் கவனமாகவே சேர்த்துள்ளார்.

அவரது 5ஆம் நூலில் பந்தேனஸ் என்பவரைப் பற்றிய செய்தி வருகின்றது. பந்தேனஸ் 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாந்திரியாவில் மறைக்கல்விக் கூடத்தை நடத்திய அறிஞர். அவர் இந்தியருடைய நாட்டுக்குச் சென்றாராம். அங்கே பர்த்தொலமேயு விட்டுச் சென்ற, எபிரேய எழுத்திலான மத்தேயு நற்செய்தியைக் கண்டாராம். யூசேபியஸின் கிரேக்கத்திலும் இச்செய்தி 'ஆம்' உடன்தான் உள்ளது. விடைத்தாளில் எழுதும்போது நாம்தான் அந்த 'ஆம்' ஐ விழுத்திவிட்டு "பந்தேனஸ் இந்தியா சென்றார்" என்று எழுதுகின்றோம்.

தோமையாரைப் பற்றி யூசேபியஸ் என்ன சொல்கின்றார்? 3ஆம் நூலின் தொடக்கத்தில், மரபின்படி தோமையாருக்குப் பார்த்தியா நாடு ஒதுக்கப்பட்டது என்கின்றார். பார்த்தியா என்பது இன்றைய ஈரான் பகுதி. தோமையார் இந்தியா சென்ற கதை, சிரிய மொழியில் 3ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற வேறொரு நூலில் வருகின்றது. கேரளத்திலும் சென்னை மயிலாப்பூரிலும் அம்மரபு இன்றுவரை உயிருடன் உள்ளது. அது மதிப்புக்குரிய மரபு. ஆனால் இலங்கைக்கு அவர் வந்தார் என்பதற்கு இந்தப் பழைய நூல்களில் ஆதாரம் இல்லை.

'இந்தியா' என்ற பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. அக்கால உரோமர் செங்கடலுக்கு அப்பாலுள்ள பல நாடுகளை அப்பெயரால் அழைத்தனர். ரூபினஸ், புருமென்தியஸ் என்ற இளைஞர் 'இந்தியாவில்' சிறைப்பட்டு, பின் அங்கே ஆயரான கதையைச் சொல்கின்றார். வாசித்துக்கொண்டு போனால் அந்த இந்தியா எதியோப்பியாவின் அக்சும் இராச்சியம் என்பது தெரியவரும். ஆனால் ரூபினஸ் ஒரு நல்ல வேலை செய்துள்ளார். இதனை ஊர்ப் பேச்சாகக் கேட்கவில்லை, புருமென்தியஸுடன் சிறைப்பட்ட ஏதேசியஸின் வாயிலிருந்தே கேட்டேன் என்று குறிப்பிடுகின்றார். யாரிடம் கேட்டது என்று பெயர் சொல்லும் 'ஆம்', பெயரில்லாத 'ஆம்' ஐவிடப் பெறுமதி கூடியது.

இலங்கையைக் குறிப்பிடும் வணிகர்

இனி எமது தீவுக்கு வருவோம். இலங்கையில் கிறிஸ்தவர் இருந்தமை பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று திருச்சபை வரலாற்றாசிரியர் எவரிடமும் இல்லை. அது அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரு வணிகரின் நூலில் உள்ளது. அவரைக் கொஸ்மஸ் இண்டிகோபிளியூஸ்தஸ் என்கின்றோம். 'இந்தியாவுக்குக் கடற்பயணம் செய்தவர்' என்பது பின்வந்தோர் இட்ட பட்டப்பெயர். அவரது 'கிறிஸ்தவ இடவிளக்கம்' என்னும் நூல் 550 ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது. சீகிரியாவைக் கட்டிய காசியப்பனின் காலத்துக்குப் பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஸ்மஸ் இந்நூலை எழுதியது வரலாறு சொல்வதற்கு அல்ல. பூமி உருண்டை என்பவர்களை மறுத்து, அது மோசே அமைத்த திருக்கூடாரத்தைப் போன்ற பெட்டி வடிவினது என்று நிறுவுவதற்கு. (இதற்காக அக்காலக் கிறிஸ்தவர் எல்லோரும் பூமி தட்டை என்றே நம்பினர் என எழுதிவிட வேண்டாம். அவர் மறுத்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர்.) பிழையான புவியியலுக்கு நடுவே, வணிகர் கண்ணாற் கண்டதும் காதாற் கேட்டதுமான நல்ல செய்திகள் கிடக்கின்றன.

இலங்கையைக் கிரேக்கர் தப்ரபேன் என்பர், இந்தியர் சியெலெதீபா என்பர் என்கின்றார். 'சீஹளதீப' என்ற சொல் அதில் உங்களுக்குக் கேட்கும். இந்தியா, பாரசீகம், எதியோப்பியா ஆகிய நாடுகளின் கப்பல்கள் இங்கே வருவதையும், கிழக்கிலிருந்து பட்டு, அகில், கராம்பு, சந்தனம் வருவதையும், பாரசீகத்திலிருந்து குதிரைகள் கொண்டுவருவோருக்கு மன்னன் தீர்வை அறவிடாமையையும் சொல்கின்றார். இவற்றுடன் சேர்த்தே பாரசீகக் கிறிஸ்தவரின் திருச்சபை ஒன்று இத்தீவில் உள்ளது என்கின்றார். அங்கு குடியேறிய பாரசீகரே அதன் மக்கள். பாரசீகத்தில் நியமனம் பெற்ற குரு ஒருவரும் தியாக்கோன் ஒருவரும் உள்ளனர். வழிபாட்டு முறை முழுமையாக நடைபெறுகின்றது. அடுத்த வசனத்திலேயே, தீவின் மக்களும் மன்னர்களும் வேறு மதத்தினர் என்றும் கூறிவிடுகின்றார்.

இந்தக் கடைசி வசனத்தைப் பலர் விட்டுவிடுகின்றனர். உண்மையில் அதுவே இச்சான்றின் பலம். நற்செய்தி உலகெங்கும் பரவிவிட்டது என்று காட்டுவது கொஸ்மஸின் நோக்கங்களில் ஒன்று. அந்நோக்கம் உடையவர் "மன்னனும் கிறிஸ்தவன்" என்று எழுதியிருந்தால் நாம் சந்தேகப்பட வேண்டும். தமது வாதத்துக்கு உதவாத செய்தியையும் மறைக்காமல் எழுதியிருப்பதனால் அவரை இவ்விடத்தில் நம்பலாம்.

குரு ஏன் பாரசீகத்திலிருந்து வந்தார்? உரோமப் பேரரசுக்கு வெளியே, பாரசீக சசானிய அரசின் கீழ் ஒரு பெரிய திருச்சபை வளர்ந்திருந்தது. 410 இல் செலூசியா - தெசிபோனில் அதன் ஆயர்கள் மன்றம் கூடினர். 431 எபேசு சங்கத்துக்குப் பின் மேற்கத்தையோர் இவர்களை 'நெஸ்தோரியர்' என்றனர். அவர்களுடைய சொந்தப் பெயர் கிழக்குத் திருச்சபை. குடாக்கடல் வணிகருடன் அவர்களின் குருக்களும் மலபாருக்கும் இலங்கைக்கும் வந்தனர். 7ஆம் நூற்றாண்டில் அத்திருச்சபையின் தலைவர் மூன்றாம் இஷோயாப், பாரசீகத்தின் ரெவ் அர்தஷீர் நகரப் பேராயரின் போக்கினால் இந்தியாவுக்கு ஆயர்கள் கிடைக்காமற் போனதாகக் கண்டித்து எழுதிய கடிதம் உள்ளது. கொஸ்மஸ் சொன்ன ஏற்பாடு வேறொரு பக்கத்திலிருந்தும் உறுதியாவதைக் கவனியுங்கள்.

கொஸ்மஸ் இலங்கைக்குத் தாமே வந்தாரா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மன்னனின் அவையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் சோபத்ரஸ் என்ற வணிகரிடமும், அவருடன் அதூலிஸ் துறைமுகத்திலிருந்து சென்றவர்களிடமும் கேட்டதாகவே சொல்கின்றார். சோபத்ரஸ் இறந்து 35 வருடங்கள் ஆகிவிட்டனவாம். கதை சுவையானது. சோபத்ரஸும் ஒரு பாரசீகரும் ஒரே வேளையில் அவைக்குச் செல்கின்றனர். "உங்கள் அரசர்களில் பெரியவர் யார்?" என்று மன்னன் கேட்கின்றான். பாரசீகர் தம் அரசனைப் புகழ்கின்றார். சோபத்ரஸ், "இருவரும் இங்கேயே இருக்கின்றனர், பாருங்கள்" என்று உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் காட்டுகின்றார். மன்னன் பொற்காசின் பக்கம் தீர்ப்பளித்து, சோபத்ரஸை யானை மீதேற்றி மேளதாளத்துடன் ஊர்வலம் விடுகின்றான்.

நம்பலாமா? ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் பிளினி எழுதிய நூலிலும், இலங்கை மன்னன் உரோமக் காசுகளின் சமமான நிறையைக் கண்டு வியந்த கதை உள்ளது. காசைப் பார்த்து மன்னன் வியப்பது உரோமருக்குப் பிடித்த கதை போலும். இலங்கையில் கண்டெடுக்கப்பட்ட உரோம நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளே. பொற்காசுகள் மிகச் சில. எனவே யானை ஊர்வலத்தை ஒரு வணிகரின் பெருமைக் கதையாகக் கொள்வதே பொருத்தம். திருச்சபை பற்றிய செய்தி அவ்வாறானதல்ல. அதில் உரோமருக்குப் பெருமை சேர எதுவுமில்லை, போட்டியாளரான பாரசீகருடைய சபை அது.

கல்லும் களிமண்ணும்

இலக்கிய மூலாதாரத்தைத் தொல்பொருள் மூலாதாரத்துடன் ஒப்பிட வேண்டும் என்பது நீங்கள் கற்ற விதி. 1912 இல் அனுராதபுர அகழ்வில் ஒரு கருங்கல் தூணின் பக்கத்தில் செதுக்கிய சிலுவை கிடைத்தது. அதன் அடியில் இருபுறமும் இலைகள் விரிந்து எழுகின்றன. அப்போதைய தொல்பொருள் ஆணையாளர் அயர்டன் அதனைப் போர்த்துக்கேயருடையது என்று கருதினார். '1505' என்ற எண்ணம் அறிஞர்களையும் எப்படிப் பிடித்து வைத்திருந்தது பாருங்கள். 1926 இல் கொட்றிங்டன், கொஸ்மஸின் குறிப்பைக் கொண்டு இது கிழக்குத் திருச்சபையினரின் சிலுவை என வாதிட்டார். பேராசிரியர் பரணவிதானவும் அவ்வாறே கருதினார். சென்னைப் பரங்கிமலையில் 1547 இல் கிடைத்த, பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துப் பொறித்த சிலுவையையும், கோட்டயத்துச் சிலுவைகளையும் இதனுடன் ஒப்பிடுவர். மன்னாருக்கு அருகே மாந்தைத் துறைமுகத்தில் நடந்த அகழ்விலும் சிலுவை பொறித்த களிமண் முத்திரை ஒன்று கிடைத்துள்ளது. ஆலயக் கட்டடம் என நிறுவப்பட்ட எதுவும் இதுவரை அகழ்ந்தெடுக்கப்படவில்லை. "தேவாலயம் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுத வேண்டாம்.

"அந்தத் துறைமுகம் எங்கள் திருகோணமலையாக இருக்கக் கூடாதா, சேர்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். கோகர்ணம் என்ற பெயரில் எமது துறைமுகமும் பழைமையானதுதான். ஆனால் கொஸ்மஸ் துறைமுகத்தின் பெயரைச் சொல்லவில்லை. மேற்கிலிருந்து வரும் பாரசீகக் கப்பலுக்கு மாந்தையே வழியில் உள்ளது, முத்திரை கிடைத்ததும் அங்கேதான். ஊர்ப்பற்று நல்லது; அதற்குப் புள்ளி வழங்கப்படுவதில்லை.

மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சத்தில் இந்தப் பாரசீகர் பற்றித் தெளிவான குறிப்பு இல்லையே என்றும் கேட்கலாம். சூளவம்சம் மன்னரையும் பௌத்த சாசனத்தையும் பற்றிய நூல். துறைமுகத்து அந்நிய வணிகர் எங்கே வழிபட்டனர் என்பது அதன் அக்கறை அன்று. ஒரு நூல் சொல்லாமல் விட்டதை, நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

விடை எழுதும் முறை

மாதிரி வினா: "போர்த்துக்கேயரின் வருகைக்கு முன்னரும் இலங்கையில் கிறிஸ்தவர் வாழ்ந்தனர்." இக்கூற்றை மூலாதாரங்கள் கொண்டு ஆராய்க.

"ஆராய்க" என்றால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லி நிறுத்துவது போதாது. கூற்று சரியானது என்று தொடங்கி, கொஸ்மஸின் காலத்தையும் அவர் சொன்னதையும் எழுதுங்கள். அனுராதபுரச் சிலுவையையும் மாந்தை முத்திரையையும் துணைச் சான்றாகத் தாருங்கள். அதன் பின், பெரும்பாலோர் எழுதாமல் புள்ளி இழக்கும் பகுதியைச் சேருங்கள்: அவர்கள் பாரசீகக் குடியேறிகள், சுதேச மக்கள் மதம் மாறியதாகக் கொஸ்மஸ் கூறவில்லை, அச்சபை 16ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இன்றைய கத்தோலிக்க சமூகத்தின் தொடர்ச்சியான வரலாறு 1540 களில் பிரான்சிஸ்கன் குருக்களின் பணியுடனும், மன்னாரில் மதம் மாறியோர் 1544 இல் சங்கிலி மன்னனால் கொல்லப்பட்ட நிகழ்ச்சியுடனும் தொடங்குகின்றது. எனவே 1505 முற்றிலும் பிழையான ஆண்டு அன்று. அது வேறொரு கேள்விக்கான விடையை ஒட்டியது. "முதலில் எப்போது இருந்தனர்?" என்பதும், "இன்றுள்ள சமூகம் எப்போது தொடங்கியது?" என்பதும் இரு வேறு வினாக்கள். வினாவை இருமுறை வாசித்து எது கேட்கப்படுகின்றது என்று தீர்மானியுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க: கீழ்வரும் நான்கு கூற்றுகளில் எவற்றை 'ஆம்' சேர்த்து எழுத வேண்டும், எவற்றை அது இல்லாமல் எழுதலாம், எதனை எழுதவே கூடாது? ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒரு வசனத்தில் தருக.

(அ) பந்தேனஸ் இந்தியாவுக்குச் சென்றார்.
(ஆ) 6ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர் வாழ்ந்தனர்.
(இ) இலங்கை மன்னன் சோபத்ரஸை யானை மீதேற்றினான்.
(ஈ) தோமையார் இலங்கையில் போதித்தார் என யூசேபியஸ் எழுதியுள்ளார்.